அம்ரிதா ஷெர்கில்லின் ‘பிரம்மச்சாரிகள்’: முகத்தில் ஒன்றுமே இல்லை, அப்புறம் ஏன் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது?

முகப்புத் திண்ணை (கானாடுகாத்தான்)

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக டெல்லி போயிருந்தேன். திரும்பும் ரயில் இரவில்தான். பகலைக் கழிக்க வேண்டுமே என்று இந்தியா கேட் பக்கத்தில் இருக்கிற ஜெய்ப்பூர் மாளிகைக்குள், அதாவது தேசிய நவீன ஓவியக்கூடத்துக்குள், நுழைந்தேன். வெயிலுக்கு ஒதுங்கினேன் என்பதுதான் உண்மை, கலை ஆர்வம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அங்கே ஒரு படத்தின் முன்னால் இருபது நிமிஷம் நின்றுவிட்டேன். அம்ரிதா ஷெர்கில் 1937-ல் வரைந்த ‘பிரம்மச்சாரிகள்’. எண்ணெய் வண்ணம். ஐந்து பையன்கள், மேலே துணி இல்லை, இடுப்பில் வெள்ளை வேட்டி, தோளில் பூணூல். நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் செம்மண் நிறம். அவ்வளவுதான் படம். யாரும் எதையும் செய்யவில்லை. ஓதவில்லை, சாப்பிடவில்லை, பக்கத்தில் இருப்பவனோடு பேசக்கூட இல்லை.

நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவைச் சுற்றி, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, என்ன படம் மாட்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாம் ரவிவர்மா படங்கள். தமயந்தி அன்னத்திடம் சேதி கேட்கிறாள். சகுந்தலை காலில் முள் எடுக்கிற சாக்கில் துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கிறாள். மேனகை குழந்தையை நீட்ட, விசுவாமித்திரர் வேண்டாம் என்று கையைத் தூக்குகிறார். கதை தெரியாதவனுக்கும் படமே சொல்லிவிடும். நான் அந்தப் படங்களுக்குக் கீழே தவழ்ந்து வளர்ந்தவன். முகத்தில் பாவம், அதாவது உணர்ச்சி, தெரிந்தால்தான் படம் என்று நினைப்பவன்.

இந்த ஐந்து பேர் முகத்திலும் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் வந்து சேர்ந்த பிறகும் அந்த வேட்டி வெள்ளை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பிள்ளையார்பட்டிப் பக்கம் வேதபாடசாலைப் பையன்கள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அதே உட்காரல், அதே பார்வை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதை ஏன் உணர்ச்சி மிக்க ஓவியம் என்கிறார்கள்? உணர்ச்சி எங்கே இருக்கிறது?

பழைய சாமான் கடை (காரைக்குடி)

எங்கே இருக்கிறதா? விலையில் இருக்கிறது, தம்பி. அந்த அம்மா படம் ஒன்று 61.8 கோடிக்குப் போனதே, மறந்துவிட்டீர்களா? நம் முனீஸ்வரன் கோயில் தெருவை மொத்தமாக எழுதிக் கேட்டாலும் அவ்வளவு வராது. இருபது நிமிஷம் என்ன, அந்தக் காசுக்கு நான் இருபது நாள் நிற்பேன்.

ஆளிவிதை (தேவகோட்டை)

அண்ணே, அது வேறு படம். 2023 செப்டம்பரில் ஏலம் போனது ‘கதைசொல்லி’. அதுவும் 1937-ல் வரைந்ததுதான். இந்தியர் ஒருவரின் ஓவியத்துக்கு அதுவரை கிடைத்திராத விலை. அப்புறம் 2025 மார்ச்சில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் படம் ஒன்று நியூயார்க்கில் 118 கோடியைத் தொட்டு அதைத் தாண்டிவிட்டது. ‘பிரம்மச்சாரிகள்’ அரசாங்கச் சொத்து. விலைக்கு வராது.

விலையை விடுங்கள். திண்ணை கேட்டது நல்ல கேள்வி. நான் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், முகத்தை ஒரு விரலால் மறைத்துவிட்டு இந்தப் படத்தைப் பாருங்கள். கைப்பேசித் திரையிலேயே செய்யலாம். ரவிவர்மா படத்தில் முகத்தை மறைத்தால் பாதிப் படம் போய்விடும். இதில் ஒன்றும் குறையாது. ஏனென்றால் சொல்ல வேண்டியதை ஷெர்கில் தோளிலும் முதுகிலும் வைத்துவிட்டார். அந்தப் பையன்கள் உட்கார்ந்திருப்பதில் ஓய்வு இல்லை. உட்காரச் சொன்னதால் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து வயசில் யாராவது நம்மை இப்படி உட்கார வைத்திருந்தால் உடம்புக்கு அது ஞாபகம் இருக்கும்.

இரண்டாவது, அந்த வெள்ளை. வீட்டில் ஐந்து வேட்டியைக் கொடியில் போட்டுப் பாருங்கள். ஒன்று நீலம் போட்டது, ஒன்று பழுப்பேறியது, ஒன்று புதுசு, கஞ்சி வாசனை போகாதது. ஐந்தும் வெள்ளைதான், ஆனால் ஐந்து வெள்ளை. அவர் படத்தில் செய்திருப்பதும் அதைத்தான். வெள்ளைக்குள் சாம்பல், மஞ்சள், நீலச்சாயல். தோலும் அப்படியே, ஐந்து பேருக்கும் ஒரே நிறமில்லை. செம்மண் பின்னணி எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிடுகிறது. சுவர் இருக்கிறது, ஆனால் சுவரில் ஆணிகூட இல்லை. பார்க்கிறவன் கண் ஒளிய இடமே கிடையாது.

இதை அவர் எங்கே பிடித்தார் என்றால், அஜந்தாவில். அவரும் ரவிவர்மா மாதிரி ஐரோப்பிய எண்ணெய் வண்ணத்தில் தேறியவர்தான். 1913-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா பஞ்சாபிச் சீக்கியர், அம்மா ஹங்கேரிக்காரர். பாரிஸ் கலைக் கல்லூரியில் படிப்பு. பத்தொன்பது வயசில், 1932-ல், வரைந்த ‘இளம் பெண்கள்’ அடுத்த வருஷமே பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. அங்கேயே இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கலாம். 1934 கடைசியில் இந்தியா திரும்பிவிட்டார். 1936 கடைசியிலும் அடுத்த வருஷத் தொடக்கத்திலும் தெற்கே ஒரு சுற்று. அஜந்தா, எல்லோரா, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள், திருவனந்தபுரம், குமரிமுனை. மட்டாஞ்சேரியில் நாள்கணக்காக உட்கார்ந்து அந்தச் சுவர்களைப் பார்த்து வரைந்தார். திரும்பிப் போய் சிம்லாவில் வைத்து மூன்று படம்: ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’. மூன்றும் 1937. பாரிஸ் கைப்பழக்கத்தை வைத்துக்கொண்டே நிழலைக் குறைத்து, உருவத்தைத் தட்டையாக்கி, சுவரோவியம் மாதிரி நிறுத்திவிட்டார்.

பேசும்போது பாவம் முகத்தில் வரும். பேச்சில்லாதவனுக்கு உடம்பெல்லாம் வரும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

பெட்டகசாலை (பள்ளத்தூர்)

வாத்தியார் நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள், வேண்டுமென்றே விட்டீர்களோ என்னவோ.

ஏழை இந்தியர்களை, அவர்களின் அடங்கிய பொறுமையை, கோணம் கோணமாகத் தெரிகிற பழுப்பு உடம்புகளை, அவலட்சணத்திலும் விசித்திரமான ஓர் அழகு இருக்கிற அந்த உடம்புகளை வரைவதே தன் வேலை என்று அந்த அம்மாவே எழுதியிருக்கிறார். இது எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. யாருக்கு அவலட்சணம்? சிம்லாவில் பங்களா, பாரிஸில் படிப்பு, வயசு இருபத்து நாலு. ஒரு குளிர்காலம் ரயிலில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போய், எங்கள் கறுப்பை, எங்கள் பொறுமையைப் படமாக்கி மாட்டிவிட்டார். அந்த ஐந்து பையனில் ஒருத்தனுக்காவது பேர் இருக்கிறதா? ரவிவர்மாவையாவது சொல்லலாம், எங்களைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரியும். எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தவர்களை வெள்ளைக்காரர்கள் நிறுத்தி எடுத்த போட்டோக்கள் இருந்தன. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

முகப்புத் திண்ணை

ஆச்சி, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கும் சுருக்கென்றது. சரி, வேறு ஒருத்தரிடம் கேட்போம் என்று நேற்று அப்பத்தாவிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். தொண்ணூற்று ஒன்று ஆகிறது. கண்புரை ஆபரேஷன் ஆன பிறகு எங்களைவிடத் தெளிவாகப் பார்க்கிறார். யார் வரைந்தது, எங்கே இருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தார். விரலை வைத்ததில் படம் பெரிதாகிவிட, ஒரு பையன் முகம் மட்டும் திரையில் நின்றது. அப்புறம் கேட்டார்: “இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாகளா?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “பசிச்ச பிள்ளைதான் இப்படி உக்காந்திருக்கும். அழுகிற பசி வேற, இது வேற” என்றார்.

ஆளிவிதை

மூன்று பத்தி எழுதி நான் சொன்னதை அப்பத்தா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பெட்டகசாலை ஆச்சிக்கு: வேண்டுமென்றுதான் விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த வரி எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒன்று யோசியுங்கள். அவர் எழுதியது போலவே வரைந்திருந்தால், பரிதாபம் வழிந்து ஓடியிருக்கும். ஒட்டிய வயிறு, ஏந்திய கை, நீர் கோத்த கண் என்று போட்டிருப்பார். அப்படி வரைந்து பேர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். இவர் படத்தில் யாரும் கை ஏந்தவில்லை. பார்க்கிறவரிடம் அந்தப் பையன்கள் எதையும் கேட்கவில்லை. எழுதும்போது அவர் சிம்லாப் பெண். தூரிகை கையில் வந்ததும் அந்தப் பெண் எங்கேயோ போய்விடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சை வைத்துப் படத்தை எடை போட்டால் தராசு ஒத்துவராது.

செம்பூராங்கல் (திருமயம் சாலை)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் ரவிவர்மா படம் இருக்கிறது, மூன்றடிக்கு இரண்டடி, சரஸ்வதி. துணியில் வரைந்தது மாதிரி மேலே நெசவுக்கோடு தெரிகிறது. பெயிண்டிங்கா, பிரிண்டா? பெயிண்டிங் என்றால் எனக்கும் 61 கோடி வருமா?

பழைய சாமான் கடை

வாங்க, இப்போதுதான் என் ஏரியாவுக்கு வந்திருக்கிறீர்கள்.

வாரத்துக்கு நாலு பேர் “ஒரிஜினல் ரவிவர்மா” என்று கொண்டுவருகிறார்கள். இதுவரை எனக்கு வந்ததெல்லாம் அச்சு. 1894-ல் அவர் பம்பாயில் அச்சகம் போட்டார், அப்புறம் அது லோனாவாலாப் பக்கம் மலவ்லிக்குப் போனது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சு, கடைசியில் வார்னிஷ். துணி மாதிரி தெரிய வேண்டும் என்றே நெசவுக்கோடு விழ அழுத்திக் கொடுத்தவையும் உண்டு. அதை நம்பாதீர்கள். பூதக்கண்ணாடியை எடுத்துக் கன்னத்தில் வையுங்கள். நிறம் பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரிந்தால் கல்லச்சு. நிறம் வழுக்கிக்கொண்டு போய், பக்கவாட்டு வெளிச்சத்தில் தூரிகைத் தடம் மேடாகத் தெரிந்தால் என்னைக் கூப்பிடுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் வருகிறேன்.

அச்சு என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் பக்கத்துப் படத்துக்கு ஒரு தனி அழகு உண்டு. லட்சுமி புடவைக்கு நிஜச் சரிகைத் துணி ஒட்டி, கழுத்துக்குச் சமிக்கியும் மணியும் வைத்துத் தைத்திருப்பார்கள். வீட்டு ஆச்சிகள் கைவேலை. வெளியூர் வியாபாரிகள் அதைத்தான் தேடி வருகிறார்கள்.

செம்பூராங்கல்

புள்ளிதான். போச்சு.

இன்னொரு சந்தேகம். எங்கள் ஐயாவை ரங்கூனில் வைத்து வரைந்த படம் ஒன்று இருக்கிறது, அது நிச்சயம் கைவேலை. சித்தப்பா போன பொங்கலுக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார், பளபளவென்று ஆனது. இப்போது மேலே பிசுபிசுவென்று தூசி.

ஆளிவிதை

ஐயோ. மறுபடி எதையும் தடவ விடாதீர்கள். ஈரத்துணி, மண்ணெண்ணெய், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம்.

எண்ணெய் ஓவியத்துக்குப் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய்தான். அது தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து பிராணவாயுவை இழுத்துத் தோல் மாதிரி இறுகும், அதற்கு மாசக்கணக்கில் ஆகும். தேங்காயெண்ணெய் அப்படி இறுகவே இறுகாது. நூறு வருஷம் ஆனாலும் ஈரம்தான், போகிற வருகிற தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். படம் மாட்டியிருக்கிற சுவரும் முக்கியம். மழைக்காலத்தில் துணி தளரும், கோடையில் விறைக்கும். மேலே இருக்கிற வண்ணம் அந்த அளவுக்கு வளையாது, வெடிக்கும். அதனால்தான் ஓவியர்கள் அடிப்பூச்சில் எண்ணெயைக் குறைத்து, மேலே போகப்போகக் கூட்டுவார்கள். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, அடி அசையும்போது பிளந்துவிடும். நிழலான, ஓதம் ஏறாத உள்சுவருக்கு மாற்றுங்கள். பாக்கியைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், நானும் தொட மாட்டேன்.

இழைக் காவல் (நெறியாளர்)

வீட்டுப் படங்களுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே போங்கள். இங்கே ஷெர்கில்.

ஓட்டுக்காரர் (ஆத்தங்குடி)

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்லவா? அந்தப் படத்துச் சிவப்பு எனக்குப் பழக்கமான சிவப்பு. நாங்கள் தரை ஓடு போடும்போது கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றுவோம், அதற்கு மேலே மணலும் சிமெண்டும். காய்ந்ததும் கண்ணாடியிலிருந்து பிரித்தால் அதன் வழவழப்பு ஓட்டுக்கு வந்துவிடும். காவிச் சிவப்பு ஊற்றும்போது கொஞ்சம் அதிகமானால் பக்கத்துப் பூவெல்லாம் செத்துவிடும், குறைந்தால் தரையே பழைய துணி மாதிரி ஆகிவிடும். அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளையை வைத்து, இரண்டும் அடித்துக்கொள்ளாமல் நிறுத்துவது சாதாரணம் இல்லை. அந்த அம்மாவுக்குக் கை இருக்கிறது. மற்றது எனக்குத் தெரியாது.

ஆளிவிதை

ஓட்டுக்காரர் இனி அடிக்கடி எழுத வேண்டும்.

தமிழ்நாட்டுப் பக்கமும் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் இதெல்லாம் சிம்லாக்காரர் கண்டுபிடித்தது என்று ஆகிவிடும். அதே காலத்தில் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். அதிலும் நம்மூர் உடம்புகள்தான், ஆனால் நரம்பு புடைக்கப் பாறையைத் தள்ளுகிறார்கள். ஷெர்கில் உடம்புகள் எதையும் தள்ளுவதில்லை. ராய் சௌத்ரிக்குப் பின் அந்தப் பள்ளிக்கு ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக வந்தார். திருவண்ணாமலையிலிருந்து வந்த சந்தானராஜ் கோட்டிலேயே உடம்பை உலுக்கிக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்து வரைந்த கட்டம் போய், உள்ளே இருந்து வரைகிற கட்டம் வந்தது. ஆச்சி கேட்ட கேள்விக்குப் பதில் அவர்களிடம் கொஞ்சம் இருக்கிறது.

ஷெர்கில்லுக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. 1941 டிசம்பர் 5, லாகூர். தனிக் கண்காட்சி தொடங்கச் சில நாள் இருக்கும்போது திடீரென்று நோய். இருபத்தெட்டு வயசு. வரைந்த படம் மொத்தம் இருநூறைத் தொடாது. ஏற்றுமதி செய்யக்கூடாத கலைச்செல்வம் என்று அரசாங்கம் ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை வைத்திருக்கிறது. அதில் ரவிவர்மாவும் இருக்கிறார், இவரும் இருக்கிறார். திண்ணை, உங்கள் வளவும் ஜெய்ப்பூர் மாளிகையும் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன.

பெட்டகசாலை

இரண்டு நாள் எழுதவில்லை. கோபம் தணியட்டும் என்று இருந்தேன்.

நேற்று அந்த மூன்றில் இன்னொன்றை, ‘மணமகள் அலங்காரத்தை’, தேடிப் பார்த்தேன். நடுவில் கல்யாணப்பெண். உள்ளங்கையில் மருதாணிச் சிவப்பு. சுற்றி இருப்பவர்கள் தலைவாருகிறார்கள், வேலை நடக்கிறது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

என் கல்யாணம் 1974-ல், வைகாசி வெயிலில். விடியற்காலம் மூன்றரைக்கு எழுப்பி முக்காலியில் உட்கார வைத்தார்கள். தலைக்கு ஒருத்தர், கைக்கு ஒருத்தர், கண்ணுக்கு ஒருத்தர். ஆளுக்கு ஒரு பக்கம் திருப்பினார்கள். தண்ணீர் வேண்டும் என்று சொன்னேன், யாருக்கும் காதில் விழவில்லை. மேளச் சத்தம். கழுத்துரு, அதுதான் எங்கள் பக்கத்துத் தாலி, பூட்டியபோது பிடரியில் இறங்கிய அந்தக் கனம் இன்றைக்கும் தெரியும். போட்டோவில் எல்லாரும் “பெண் எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறாள்” என்று சொன்னார்கள். அடக்கம் இல்லை. நான் அப்போது அங்கே இல்லவே இல்லை. எங்கள் ஆயா வீட்டுக் கிணற்றடியில் இருந்தேன்.

அந்தப் பெண்ணும் அங்கே இல்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பொறுமை, அடக்கம் என்று எழுதியதை நான் மன்னிக்கப் போவதில்லை, ஆனால் அவர் வரைந்தது அது கிடையாது. படத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

வாத்தியாருக்கு ஒன்று. தராசு உவமை நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பையன்களுக்குப் பேர் வேண்டும் என்று நான் கேட்டது அப்படியேதான் நிற்கிறது.

பழைய சாமான் கடை

ஆச்சி, கிண்டலாக ஆரம்பித்தவன் நான். கடையில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு, ஒரு பழைய கல்யாணப் போட்டோவுக்கு விலை சொல்ல மனசு வராமல் திருப்பி அனுப்பிவிட்டேன். வியாபாரம் கெட்டது உங்களால்தான்.

முகப்புத் திண்ணை

ஆச்சி எழுதியதை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிணற்றடி வந்ததும் தலையை ஆட்டினார், வேறெதுவும் சொல்லவில்லை. அப்புறம் கைப்பேசியைக் கேட்டார். கல்யாணப்பெண் படத்தை எடுத்துக் கொடுத்தேன். “இது இல்ல, அந்தப் பிள்ளைக” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தில் இருக்கிறவனைக் காட்டி, “இவன் யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டியா?” என்றார். யாருக்கும் தெரியாது அப்பத்தா என்றேன். “எழுதுறாகள்ல அத்தனை பேரு, ஒருத்தருக்குமா தெரியாது? கேட்டுச் சொல்லு” என்றார்.

கேட்டுவிட்டேன்.